ஓர் அந்தர் யூரியாவுக்கு எத்தனை மாடு?

2021 ஐப்பசியில் அப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். கிளிநொச்சி முரசுமோட்டையில் எங்கள் வயல் வரம்பில் நின்றுகொண்டிருந்தோம். புழுதி விதைப்பு முளைத்து இரண்டு கிழமை தாண்டிவிட்டது. வழக்கமாக முதல் யூரியா எறிகிற நாள். அந்த வருடம் மே 6ஆம் திகதி வந்த அரச வர்த்தமானி அறிவித்தலோடு இரசாயனப் பசளையும் பூச்சி, களை நாசினிகளும் நாட்டுக்குள் வருவது நின்றுபோயிருந்தது. வீட்டில் ஒரு பிடி யூரியா இல்லை. கொஞ்சம் கூட்டெரு கிடைத்திருந்தது. அதைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, நீ கம்பசில படிச்சனி. ஓர் அந்தர் யூரியா தாற சத்துக்கு எத்தினை மாடு வேணும்?"

அறிவியல் நகர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் விவசாயம் படித்தவள் நான். சேதனப் பசளையை, அதாவது இயற்கை எருவைப் பற்றித்தான் இறுதி வருட ஆய்வும் செய்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. படிக்கும்போது ஹெக்டேயருக்கு இத்தனை தொன் என்று எழுதியிருந்தேனே தவிர, அந்தத் தொன் எந்த மாட்டிலிருந்து வரும், அந்த மாடு எங்கே மேயும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்தக் காலபோகத்தில், அதாவது மாரி மழையோடு செய்யும் பெரும்போகத்தில், ஏக்கருக்கு 28 மூடை வெட்டுகிற வயலில் 12 மூடை வெட்டினோம். நவம்பரில் தடை தளர்ந்தபோது பயிர் மட்டம் வெடித்துக் கிளைக்கும் காலம் கடந்துவிட்டது. எங்களுக்கு மட்டும் இல்லை, நாடு முழுக்க அந்தப் போகத்து நெல் முந்தைய காலபோகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. அதன் பிறகு "இயற்கை விவசாயம்" என்று வாயெடுத்தாலே எங்கள் பக்கத்தில் ஆட்கள் எழுந்து போய்விடுகிறார்கள். அது எனக்குப் பெரிய கவலை. 2021இல் நடந்தது இயற்கை விவசாயமே இல்லை. பசளை இல்லாத விவசாயம். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒரு தலைமுறை இதைக் கைவிட்டுவிடக்கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சரி, அப்பாவின் கணக்குக்கு வருகிறேன். அன்றிரவு வீட்டில் இருந்து போட்டுப் பார்த்த கணக்கு இது.

யூரியாவில் 46 வீதம் நைதரசன். ஓர் அந்தர், அதாவது 50 கிலோவில், 23 கிலோ நைதரசன் இருக்கிறது. ஈரமான மாட்டுச் சாணத்தில் ஏறக்குறைய அரை வீதம்தான். ஆகவே அந்த 23 கிலோவுக்கு நாலரைத் தொன்னுக்கு மேல் சாணம் வேண்டும். எங்கள் நாட்டு மாடு பகலில் வெளியே மேய்ந்துவிட்டு வந்து, இரவில் பட்டிக்குள் நாலு, ஐந்து கிலோ சாணம் போடும். நூறு மாடு என்றால் ஓர் இரவுக்கு நானூற்றைம்பது கிலோ அளவில். பத்து இரவு கட்டினால் நாலரைத் தொன்.

நூறு மாடு, பத்து இரவு, ஓர் ஏக்கர். அதுதான் ஓர் அந்தர் யூரியா.

காலையில் இதைச் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சலத்தைக் கணக்கில விட்டிட்டாய்" என்றார்.

அவர் சொன்னது சரி. மாடு வெளியேற்றும் நைதரசனில் ஏறக்குறைய பாதி சலத்தில், அதாவது சிறுநீரில், போகிறது. எருவாக அள்ளி லொறியில் ஏற்றிக் கொண்டுவரும்போது அந்தப் பாதி பட்டியடி மண்ணிலேயே நின்றுவிடும். மாட்டையே வயலுக்குள் கொண்டுவந்து கட்டினால் மட்டும்தான் அது வயலுக்கு வரும். பட்டி கட்டுவது என்று எங்கள் பெரியவர்கள் செய்தது இதைத்தான். ஆவணி, புரட்டாசியில் வெறும் வயலில் கம்பு நட்டு, கயிறு சுற்றி, இரவில் மாட்டை அடைப்பார்கள். இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை கம்பைப் பிடுங்கி அடுத்த பக்கம் நடுவார்கள். கட்டின இடத்தைத் தாமதிக்காமல் ஒரு சால் உழுதுவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் "வெயில் குடிச்சுப்போடும்" என்பார்கள். சலத்தில் உள்ள யூரியா அமோனியாவாக மாறிக் காற்றோடு போய்விடும் என்று நான் விரிவுரை மண்டபத்தில் படித்தது அதே விஷயம்தான்.

இன்னொன்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கோடையில் காய்ந்து வெடித்த மண்ணில் முதல் மழை விழுந்தவுடன் பயிர் திடீரென்று பச்சை பிடிக்கும். காய்ந்த மண் நனையும்போது நுண்ணங்கிகள் ஒரேயடியாக எழும்பிச் சேதனப் பொருளை உடைக்கின்றன, நைதரசன் ஒரு வீச்சில் வெளிவருகிறது. கென்யாவில் வேலை செய்த பேர்ச் என்ற மண் ஆய்வாளர் 1958இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். பேர்ச் விளைவு என்றே அதற்குப் பெயர். வன்னியின் காலநிலையை எடுத்துப் பாருங்கள்: நாலைந்து மாத வறட்சி, பிறகு வடகீழ்ப் பருவமழை. பேர்ச் விளைவுக்காகவே செய்துவைத்த இடம் மாதிரி. ஆனால் அந்த வீச்சில் வருகிற நைதரசன் நின்று காத்திருக்காது. வேர் பிடித்த பயிர் அங்கே இல்லாவிட்டால் வெள்ளத்தோடு கீழே இறங்கும், அல்லது தண்ணீர் கட்டியபின் வாயுவாகப் போய்விடும். மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிடுகிற எங்கள் பழக்கம் அந்த வீச்சில் எவ்வளவைப் பிடிக்கிறது? விதைப்பை ஒரு கிழமை முன்பின் தள்ளினால் எவ்வளவு மாறும்? எங்கள் மண்ணில் அளந்து பார்க்கவேண்டிய கேள்வி இது. யாராவது ஒரு மாணவன் எடுத்துச் செய்தால் நான் வயல் தருகிறேன்.

நீண்ட கால ஆய்வுகளைத் தேடி வாசிக்கத் தொடங்கியது அந்தக் கணக்குக்குப் பிறகுதான். இங்கிலாந்தில் ரொதாம்ஸ்ரெட் என்ற இடத்தில் 1843இல் தொடங்கிய கோதுமை வயல் ஒன்று இன்றும் ஆய்வில் இருக்கிறது. அதில் ஒரு துண்டுக்குத் தொழுவுரம் மட்டுமே போடுகிறார்கள். இரசாயனப் பசளை போட்ட துண்டுகளுக்குக் கிட்டவாக அது நெடுங்காலம் விளைந்திருக்கிறது. இதைச் சொல்லி "பாருங்கள், எருவே போதும்" என்று மேடையில் பேசுகிறவர்கள் ஓர் எண்ணை விட்டுவிடுகிறார்கள். அந்தத் துண்டுக்குப் போடுவது வருடத்துக்கு ஹெக்டேயருக்கு 35 தொன். ஏக்கருக்கு 14 தொன்! எங்கள் ஊரில் ஒரு குடும்பம் அதை எங்கே போய் அள்ளும்?

சுவிற்சர்லாந்தில் 1978இல் தொடங்கிய இன்னொரு ஆய்வு இருக்கிறது. இரண்டு விதமான சேதன முறையையும் வழக்கமான முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்துகிறார்கள். 2002இல் வெளிவந்த அவர்களின் 21 வருடக் கணக்கில் சேதன முறையின் விளைச்சல் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் பசளை, சக்தி, நஞ்சு எல்லாமே மிகக் குறைவாகப் போட்டு எடுத்த விளைச்சல் அது. மண்ணில் புழுவும் பூச்சியும் அதிகம். என்னை நிறுத்தியது வேறொரு விஷயம். அந்த ஆய்வில் போடும் எருவின் அளவையே, ஒரு ஹெக்டேயர் நிலம் எத்தனை மாட்டைத் தாங்கும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். பயிர்ச் சுழற்சிக்குள் புல்லும், காற்றிலிருந்து நைதரசனைப் பிடிக்கும் குளோவர் என்ற பயறினச் செடியும் விடுகிற ஆண்டுகளும் உண்டு. மாடும் புல்லும் பயறினச் செடியும் ஆய்வுக்கு உள்ளேயே இருக்கின்றன.

உலகம் முழுதும் இருந்து இப்படியான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2012இல் வந்த ஒரு தொகுப்பு, இடத்தையும் பயிரையும் பொறுத்து 5 முதல் 34 வீதம் வரை விளைச்சல் குறையும் என்றது. 2015இல் வந்த இன்னொன்று சராசரியாக 19 வீதம் என்றது. ஆனால் கலப்புப் பயிரும் சுழற்சியும் இருந்தால் அந்த வித்தியாசம் 8, 9 வீதமாகச் சுருங்குகிறது என்றும் அது சொன்னது. இந்த வரியை நான் பல தடவை வாசித்தேன். ஒரு பயிரை மட்டும் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு பசளையை மட்டும் மாற்றினால் இடைவெளி பெரிது. முழு முறையையும் மாற்றினால் இடைவெளி சிறிது.

நெல் வயலுக்கு மட்டும் உள்ள ஒரு நல்ல குணத்தையும் சொல்லவேண்டும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து விடாமல் நெல் வைக்கும் ஒரு வயலில், நைதரசன் ஒரு பிடியும் போடாத துண்டுகள் உண்டு. அவை இன்றும் விளைகின்றன. குறைவாக, ஆனால் நின்றுபோகாமல். தண்ணீருக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசியும் பக்றீரியாவும் காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துக் கொடுக்கின்றன. எங்கள் 12 மூடையும் அவை தந்ததுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் இரணைமடுக் குளத்தின் கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது. பட்டிக் கணக்கை முழுதுக்கும் போட்டுப் பார்த்தேன். ஆவணியும் புரட்டாசியும் சேர்ந்து அறுபது இரவு. ஏக்கருக்குப் பத்து இரவு என்றால் ஒரு பட்டி ஆறு ஏக்கரை முடிக்கும். இருபதாயிரம் ஏக்கருக்கு நூறு மாட்டுப் பட்டி மூவாயிரத்து முந்நூறுக்கு மேல். அதாவது மூன்று இலட்சத்து முப்பதாயிரம் மாடு. அதுவும் ஏக்கருக்கு ஓர் அந்தருக்கு ஈடாக மட்டும். நாங்கள் வழக்கமாகப் போடுவது இரண்டு அந்தர். சலத்தையும் பிடித்துவிட்டோம் என்று பாதியாகக் குறைத்தாலும் இது நடக்கிற காரியமா?

ஆகவே மாட்டால் மட்டும் முடியாது. மரமும் பயறும் சேரவேண்டும்.

மரம் என்றால் வேலியில் நிற்கும் கிளிரிசீடியா, சீமைக்கிளுவை என்றும் சொல்வோம். மூன்று தொன் பச்சைக் குழை கிட்டத்தட்ட ஓர் அந்தர் யூரியாவின் நைதரசன். சேற்றில் போட்டால் இரண்டு கிழமையில் கரைந்துவிடும். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பூவரசங்குழை தாழ்த்தியதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. குழை வெட்டக் கூலிக்கு ஆள் பிடிப்பதுதான் கஷ்டம்.

பயறு, உழுந்து, கச்சான் (நிலக்கடலை) மூன்றும் வன்னியின் பயிர்கள்தான். வவுனியா உழுந்தும் முல்லைத்தீவுக் கச்சானும் தெரியாதவர் யார்? காலபோகம் வெட்டி, சிறுபோகத்துக்குத் தண்ணீர்ப் பங்கு கிடைக்காத வயலில், மண்ணில் மிஞ்சிய ஈரத்தில் பயறு விதைக்கலாம். காய் பிடுங்கிய பிறகு கொடியை அங்கேயே உழுதுவிடவேண்டும். வீட்டு ஆட்டுக்குக் கொடுத்துவிட்டால் நைதரசனில் பெரும்பகுதி ஆட்டோடு போய்விடும். சணல், தைஞ்சா போன்ற பசுந்தாள் பயிர் ஒன்றரை, இரண்டு மாதத்தில் இன்னும் நிறையச் சேர்க்கும். ஆனால் அதற்கு மழையோ குளத்துத் தண்ணீரோ வேண்டும், பங்குனிக்குப் பிறகு அது எங்களிடம் இல்லை. தமிழ்நாட்டுக் காவிரிக்கரையில் சரிவருவதை அப்படியே கொண்டுவந்து முரசுமோட்டையில் வைக்க முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வைக்கலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெற்பயிர் எடுத்த பொற்றாசியத்தில் ஐந்தில் நாலு பங்கு வைக்கலில்தான் நிற்கிறது. வெட்டு மெசின் வந்தபிறகு அது வயல் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது, கொளுத்திவிடுகிறோம். கொளுத்தினால் நைதரசன் புகையோடு போகிறது. அப்படியே சேற்றுக்குள் புதைத்தால், அதை உடைக்கும் நுண்ணங்கிகள் மண்ணில் உள்ள நைதரசனையும் எடுத்து வைத்துக்கொள்கின்றன, இளம் பயிர் மஞ்சளடிக்கிறது. தண்ணீர் கட்டிய வயலில் மெதேன் வாயுவும் கூடுகிறது. எருவோடு சேர்த்து மக்கவைத்துப் போடுவதுதான் நல்லது.

இந்த இடத்தில் எனக்குள் உள்ள ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பசளையையும் நஞ்சையும் ஒரே வாளிக்குள் போட்டுப் பேசுவது பெரிய பிழை. யூரியா குறையும்போது நெல் குறைவது கண்கூடு. ஆனால் பூச்சிநாசினி அப்படி இல்லை. நெல்லின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டியை, அந்தக் கபிலத் தத்தியை, எடுங்கள். பயிர் வளரும் தொடக்கத்தில் எதற்கும் இருக்கட்டும் என்று மருந்தடித்தால் முதலில் சாவது சிலந்தி. தத்தியைப் பிடித்துத் தின்பது அந்தச் சிலந்திதான். பிறகு தத்தி கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. இந்த உண்மை ஆசியா முழுதும் நெல் ஆய்வில் நிலைநாட்டப்பட்டு நெடுநாளாகிறது. 2008 முதல் 2011 வரை பரகுவாட், டைமெதோயேற், பென்தியோன் என்ற நாசினிகள் மூன்றும் இலங்கையில் படிப்படியாக நிறுத்தப்பட்டன. நஞ்சால் இறப்பவர்களின் தொகை குறைந்தது, விளைச்சல் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. அப்படி ஒவ்வொன்றாகப் பார்த்து, பொறுமையாகச் செய்த காரியம் ஊரில் உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

2022 காலபோகத்திலிருந்து நானும் அப்பாவும் ஓர் ஏக்கரை நாலாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஒன்றில் வழக்கமான யூரியா. ஒன்றில் பட்டியும் பாதி யூரியாவும். ஒன்றில் பட்டியும் குழையும் பயறும், யூரியாவே இல்லை. ஒன்றில் எதுவும் இல்லை. இதை ஆய்வு என்று சொல்லமாட்டேன். திரும்பச் செய்த துண்டுகள் இல்லை, ஒரே வயல், வரம்பில் ஒரு பக்கம் பள்ளம். 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளம் நாலு துண்டையும் ஒரே தண்ணீராக்கிவிட்டது, அந்த வருடக் கணக்கு போயிற்று. மற்றப் போகங்களில் கண்டதைச் சொல்கிறேன்: பட்டியும் பாதி யூரியாவும் போட்ட துண்டு முதல் வருடமே முழு யூரியாவோடு ஒட்டி நின்றது. யூரியா இல்லாத மூன்றாம் துண்டு முதல் வருடம் தாழ்ந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, இன்னும் எட்டவில்லை. கோடையில் அந்தத் துண்டில் மண்வெட்டி இறங்குகிற விதமே வேறு. இதற்கு எண் கொடுக்க எனக்குத் தெரியாது, ஆனால் கை சொல்கிறது.

நெல்லினமும் ஒரு கேள்வி. நாங்கள் விதைக்கும் பி.ஜி. இனங்கள் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பசளைக்கு நன்றாக விளையும்படி தெரிந்தெடுத்தவை. பழைய இனங்களான மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் உயரமானவை, நைதரசன் கூடினால் சாய்ந்துவிடும், குறைவான சத்தில் நின்று பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இனம் வேண்டும். அதை எருப் போட்ட வயலிலேயே வைத்துத் தெரிந்தெடுத்தால்தான் கிடைக்கும்.

அப்பாவுக்கு ஒருகாலம் சொந்தமாக நாற்பது மாடு இருந்தது. 2009 தையில் இடம்பெயர்ந்தபோது பட்டியை அவிழ்த்துவிட்டுத்தான் போனோம். அடுத்த வருடம் திரும்பி வந்து, குறியைப் பார்த்துப் பார்த்துக் காடெல்லாம் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. வன்னியில் இந்தக் கதை இல்லாத வீடு குறைவு. மாடு இல்லாமல் திரும்பி வந்த மக்களுக்கு மானிய விலையில் யூரியா கிடைத்தது, அதைப் போட்டுத்தான் எழும்பினார்கள். கமக்காரர் சோம்பலால் யூரியாவுக்குப் போனார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது எங்கள் வயலில் கட்டுவது அயலூர்ப் பட்டிக்கார அண்ணையின் மாடுகள். வயல் வெறுமையாக இருக்கும் காலத்தில் மேய்ச்சலுக்குக் குறைவில்லை. விதைப்பு முடிந்த பிறகு தை வரைக்கும்தான் பிரச்சினை. எங்கும் பயிர். முந்தி குளத்தின் மேற்பக்கக் காட்டோரம் கொண்டுபோய் விடுவார்கள். இப்போது அங்கே கல் நட்டு எல்லை போட்டாயிற்று. மேய்ச்சல் தரை கேட்டுப் பட்டிக்காரர் கடிதம் கொடுக்காத கூட்டம் இல்லை. சேதன விவசாயம் பற்றிய கூட்டம் ஒரு மண்டபத்திலும் மேய்ச்சல் தரைக் கூட்டம் இன்னொரு மண்டபத்திலும் நடக்கிறது. இரண்டுக்கும் போயிருக்கிறேன். முதலாவதில் பட்டிக்காரர் ஒருவரும் இருக்கவில்லை.

போன புரட்டாசியில் அண்ணை வந்து கம்பு நட்டபோது மாடு குறைந்திருந்ததைக் கண்டு கேட்டேன்.

"முப்பதை வித்திட்டன் தங்கச்சி. மாரிக்கு விட இடமில்லை. வைச்சிருந்து சாகக் குடுக்கிறதே?"

அப்பா கம்பைப் பிடித்துக்கொண்டு எண்ணிப் பார்த்தார். எழுபது மாடு. பத்து இரவில் முடிகிற ஏக்கருக்கு இனிப் பதினாலு இரவுக்கு மேல் வேண்டும். மழைக்கு முன் எங்களுக்கு இருந்தது ஒன்பது இரவு. மூன்றாம் துண்டிலிருந்து தொடங்கச் சொன்னார்.